கீழ்மேசைக் கல்வித் திட்டம்: ஒரு வரலாறு

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தை. பிறகு சாக்பீஸை. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, ஓடை வாசிப்பானைக் கண்டுபிடித்தான். முதல் மூன்றும் வெறும் ஒத்திகை என்பது என் தாழ்மையான கருத்து.

ஓடை வாசிப்பான் என்றால் என்ன என்று கேட்கும் பாக்கியவான்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவர் வாசலுக்கும் நாமே போய், புதிதாக ஏதாவது எழுதினீர்களா என்று எட்டிப் பார்க்க வேண்டும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. இன்னின்னார் எழுதுவது எனக்கு வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். அவர்கள் எழுதிய கையோடு அது நம் கைபேசிக்கு வந்து வரிசையில் நிற்கும். கூடவே ஓர் எண்ணும் நிற்கும்: 'வாசிக்காதவை' இத்தனை. அந்த எண்ணைப் பூஜ்யமாக்குவதே நாகரிக மனிதனின் கடமை.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இது இல்லாமல் ஒரு வேளையும் நகராது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கூட்டல் சொல்லித்தர நேற்று ஒரு முறை இருந்திருக்கும். இன்று காலை அது தவறென்று நிரூபித்திருப்பார்கள். இடைவேளைக்குள் அது மறுபடியும் சரியாகியிருக்கும். இது எதுவும் தெரியாமல் ஒருவர் வகுப்புக்குள் நுழைந்து, "ரெண்டும் மூணும் எத்தனை?" என்று பச்சையாகக் கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? நினைத்தாலே பகீரென்கிறது.

எங்கள் பள்ளிக்கு அந்த விடிவு தலைமையாசிரியை மேடத்தின் மூலம் வந்தது. கருத்தரங்கு ஒன்றுக்குப் போனவர் வேறு மனுஷியாகத் திரும்பி வந்தார். வந்ததும் கூட்டம் போட்டார்.

"இனிமே யாரும் என் ரூமுக்கு வந்து எதையும் சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒரு வலைப்பதிவு ஆரம்பிங்க. வகுப்புல நடக்கறதை எழுதுங்க. எனக்கு ஓடையில வந்துடும். உக்காந்த இடத்துல எல்லா வகுப்பையும் நான் பாத்துக்கறேன்."

"குழந்தை விழுந்து அடிபட்டா மேடம்?" என்றார் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்.

"தலைப்புல 'அவசரம்'னு போடுங்க."

நாட்டிலுள்ள, நாட்டுக்கு வெளியிலுள்ள எல்லாக் கல்வித் தளங்களையும் நாங்கள் அனைவரும் தொடர வேண்டும், வாரக் கடைசிக்குள் எல்லோருடைய 'வாசிக்காதவை'யும் பூஜ்யமாக வேண்டும் என்று முடிவாயிற்று. நான்காம் வகுப்பு ஆசிரியனாகிய நான் 'ஓடை ஒருங்கிணைப்பாளர்' ஆனேன். சம்பளம் கூடவில்லை. கழுத்தில் ஓர் அட்டை கூடியது. ஆசிரியர் அறைச் சுவரில் அவரவர் எண்ணை எழுத ஓர் அட்டவணை ஒட்டினேன்.

என் சக ஆசிரியர்களின் அர்ப்பணிப்பை என்னவென்று சொல்வது! எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கண் முன்னால் எழுத்து என்று ஒன்று வந்துவிட்டால், திருத்தாமல் கை சும்மா இராது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கட்டுரைகளை அச்செடுத்து, சிவப்பு மையால் சரி போட்டு, தேதியிட்டுக் கையெழுத்தும் வைத்தார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்குக் கீழே, 'நன்று. பத்தி பிரிக்கவும். இன்னும் முயற்சி தேவை' என்று கருத்திட்டார். பேராசிரியர் பத்தி பிரித்து மறுபடி அனுப்பினார். அவருக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

என் வீட்டிலும் நல்ல மாற்றம். ஒருநாள் என் மனைவி சமையலறையிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 'வீட்டாருடன் உரையாடுவது எப்படி' என்ற கட்டுரையில் ஆழ்ந்திருந்தேன்.

"குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவைதான் சொல்றது? பக்கத்துல நின்னு கத்தறது உங்க காதுல ஏறணும்னா நானும் ஒரு வலைப்பதிவு ஆரம்பிக்கணும் போல."

அருமையான யோசனை என்றேன். ஆரம்பித்துவிட்டாள். முதல் பதிவின் தலைப்பு 'குழாய்'. உடனே தொடர ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அட்டவணையில் ஒரு கறை. ஒன்றாம் வகுப்பு டீச்சர். எல்லோருடைய எண்ணும் இறங்க, அவருடையது மட்டும் ஏறிக்கொண்டே போய் அட்டவணைக் கட்டத்தை விட்டு வெளியே நீண்டது. நான் பொறுப்போடு விசாரித்தேன்.

"டீச்சர், உங்க வாசிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிடுச்சு."

"என் வகுப்புல வாசிக்காதது ஒண்ணே ஒண்ணுதான் சார். அதுக்கே எனக்குப் பொழுது பத்தலை."

அந்த 'ஒண்ணு' ஒரு சிறுமி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் முணுமுணு. உதடு அசையும், ஓசை வராது. பள்ளி திறந்த நாளிலிருந்து யாரும் அவள் வாசித்துக் கேட்டதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஆண்டு முடிவில் ஒரு பக்கத்தை வேறு வகுப்பு ஆசிரியர் முன் சத்தமாக வாசித்தால்தான் இரண்டாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடி ஒன்று. இது எங்கள் பள்ளியின் விதி. அந்த 'வேறு வகுப்பு ஆசிரியர்' அடியேன்.

என் வகுப்புக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு ப்ளைவுட் தடுப்பு. அதில், ஆணி பிடுங்கிய இடத்தில் ஓர் ஓட்டை. என் வகுப்பில் எப்போதும் குண்டூசி விழுந்தால் கேட்கும். பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய பெருக்கலாகக் கொடுத்துவிட்டு, 'மாணவரின் குரலுக்குச் செவிசாய்த்தல்' போன்ற கட்டுரைகளை நான் நிம்மதியாக வாசிப்பேன். சில நாட்களாகத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தேனீக்கூட்டைக் கலைத்தாற்போல் ஓர் இரைச்சல். ஒருநாள் பொறுக்காமல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன்.

பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் மேசைகளுக்கு அடியில் இருந்தார்கள். ஒருவன் மேசைக்காலுக்குப் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி தண்ணீர் பாட்டிலுக்கு. நடுவில் டீச்சர், தரையில் கையூன்றித் தவழ்ந்துகொண்டிருந்தார். ஒரு மூலையில் முணுமுணு. தன் ஷூவைக் கழற்றி எதிரே வைத்திருந்தாள். அறுந்த வாரைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிய ஷூ. அதற்கு அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, எனக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாகவே ஓர் அதட்டல் போட்டேன்.

அன்று மாலை டீச்சரைப் பிடித்தேன்.

"என்ன டீச்சர் இது? பள்ளிக்கூடமா, எலி வளையா?"

டீச்சர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசையா சார்? முட்டி ரெண்டும் போச்சு. போன வாரம் அவ பென்சில் கீழ விழுந்துச்சு. எடுக்க உள்ள போனவ வெளிய வரலை. கூப்பிட்டுப் பாத்துட்டு நானே குனிஞ்சேன். உள்ள இருந்து சத்தம் வருது, வாசிக்கிறா. மேல இருந்தா எல்லாரும் அவ மூஞ்சியப் பாக்கறாங்க. அங்க ஷூதான பாக்குது? அது ஒண்ணும் சிரிக்காது. அவளை மட்டும் கீழ உக்கார வெச்சா மத்ததுங்க கேலி பண்ணும்னு எல்லாரையும் இறக்கிட்டேன்."

"இதுக்கு ஏதாவது கட்டுரை ஆதாரம் இருக்கா?"

"வாயத் திறந்தாளே சார், அது போதாதா?"

போதாது. போதும் என்றால் ஓடை வாசிப்பான் எதற்கு? அன்றே என் வலைப்பதிவில் 'ஒழுங்கின் வீழ்ச்சி' என்ற தலைப்பில் நெஞ்சு கொதித்து எழுதினேன். மேசைக்காலையும் தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை. சிவப்புக் கம்பளி நூலையும்கூட விடவில்லை. வர்ணனை எனக்கு நன்றாக வரும்.

இரண்டு வாசல் தள்ளி இருக்கும் மேடத்துக்கு அந்த இரைச்சல் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓடையில் வராததால் கண்டுகொள்ளவில்லை. வந்ததும் மறுநாளே சுற்றறிக்கை பிறந்தது: 'மேசையின் அடிப்பகுதி கற்றலுக்கு உரியதன்று. மாணவர்கள் மேசையின் மேற்பகுதியையே பயன்படுத்துக.'

தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதி திரும்பியது. முணுமுணுவும் பழையபடி உதட்டை அசைக்கத் தொடங்கினாள்.

சில வாரங்களில் அவள் அம்மா வந்தார். சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். வேலைக்கு நடுவில் ஓடிவந்திருந்தார்.

"நடுவுல நல்லா படிச்சுட்டு இருந்தா மேடம். வீட்ல கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டு ஒரே படிப்பு. நானும் அவங்கப்பாவும் மூச்சு விடாம மேல படுத்துக் கேப்போம். இப்ப அதும் நின்னு போச்சு. பள்ளிக்கூடத்துல திட்டுவாங்களாம்."

"வருஷ முடிவுல சத்தமா வாசிச்சே ஆகணும். இல்லைன்னா மறுபடியும் ஒண்ணாங் கிளாஸ்தான்," என்றார் மேடம். "நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. விதி."

"அவகூட இருக்கற பிள்ளைங்க எல்லாம் மேல போயிடும். இவ மட்டும் அங்கேயே உக்காந்திருந்தா அப்புறம் வாயே திறக்க மாட்டா மேடம்."

எனக்கே மனசு கேட்கவில்லை. 'கூச்ச சுபாவக் குழந்தை' பற்றிய நல்ல கட்டுரைகளாகப் பொறுக்கி அந்த அம்மாவின் கைபேசிக்கு அனுப்பினேன். அவர் கைபேசியில் பேச மட்டும்தான் முடியும் என்று பிறகு தெரிந்தது. அனுப்பியவரையில் எனக்குத் திருப்தி.

ஆண்டு முடியும் தறுவாயில்தான் அந்தப் பொன்னாள் வந்தது. காலையில் கைபேசியைத் திறக்கிறேன், ஓடையின் உச்சியில் ஒரு கட்டுரை. கடல் கடந்த, மிகப் பிரசித்தமான கல்வித் தளம். 'அடித்தள வாசிப்பு: தொலைதூரப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்த புரட்சி' என்று தலைப்பு. கைபேசியே அதைத் தமிழாக்கியும் கொடுத்தது. மேசைக்கு அடியில் அமர்த்தினால் குழந்தையின் கவனம் கூடுகிறதாம், கூச்சம் போகிறதாம், முதுகுத்தண்டு நிமிர்கிறதாம். மூன்று பேராசிரியர்கள் ஆமோதித்திருந்தார்கள். நான்காமவர் மேசையின் உயரம் பற்றி மட்டும் ஐயம் தெரிவித்திருந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மேடத்தின் அறைக்கு ஓடினேன். மேடமும் கைபேசியும் கையுமாக எதிரே ஓடிவந்தார்.

"பாத்தீங்களா சார்? எப்படி யோசிக்கிறாங்க பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தோணுமா?"

"ஜென்மத்துக்கும் தோணாது மேடம்."

பழைய சுற்றறிக்கை கிழிக்கப்பட்டு, 'கீழ்மேசைக் கல்வித் திட்டம்' அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பில் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தோம். அந்தப் பிள்ளைகளுக்குக் கால் நீளம். பாதி உடம்பு மேசைக்கு வெளியே கிடந்தது. இருந்தாலும் புகைப்படம் நன்றாக வந்தது. அப்புறம் நான்கு, மூன்று, இரண்டு. ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் அனுமதி இல்லை. வாசிக்காதவை மலைபோல் குவிந்திருக்கும் ஓர் ஆசிரியரை நம்பி இவ்வளவு நவீனமான முறையை எப்படி ஒப்படைப்பது? முதலில் அவருக்குப் பயிற்சி அளிக்கும்படி மேடம் என்னைப் பணித்தார்.

பயிற்சி ஒன்றாம் வகுப்பறையில் நடந்தது.

"முதல்ல தலையைக் குனியணும் டீச்சர்," என்றேன், கைபேசியைப் பார்த்து.

"குனிஞ்சாச்சு."

"அடுத்து, மெதுவா உள்ள போகணும்."

"போயாச்சு. சார், இதைத்தான நான் அப்பவே பண்ணேன்? நீங்கதான நிறுத்தினீங்க?"

"நீங்க பண்ணது இரைச்சல் டீச்சர். இது முறை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுக்குத் தலைப்பு இருக்கு."

டீச்சர் மேசைக்கு அடியிலிருந்தே என்னைப் பார்த்தார். "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கு," என்றார்.

நான் உடனே தேடிப் பார்த்தேன். வெண்ணெய் பற்றி எந்தக் கல்வித் தளமும் அன்று எதுவும் எழுதியிருக்கவில்லை. எனவே அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருவழியாகப் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திட்டேன். முணுமுணுவின் வாசிப்புத் தேர்வும் அதே நாளில்தான்.

திட்டத்தின்படி தேர்வாளரும் கீழேதான் அமர வேண்டும். அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். முணுமுணு ஏற்கெனவே ஷூவைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஷூவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. வெளியே மேடத்தின் செருப்பு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி டீச்சரின் செருப்பு, ஓர் இடத்தில் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்தது.

பழகிய பாடப்புத்தகம் கூடாது, புதிய பனுவல் வேண்டும் என்பது கட்டுரையின் அறிவுரை. கையில் இருந்த புதிய பனுவல் அந்தக் கட்டுரையேதான். எழுத்தைப் பெரிதாக்கி, கைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி, ஷூவுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டாள். விரலை வைத்தாள். உதடு அசைந்தது. நான் மதிப்பெண் தாளில் 'வாசிக்கவில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"ஒ... ரு... சிறு... மி," என்றாள். குரல் சின்னதுதான், ஆனால் தெளிவாக இருந்தது. "ஒரு சிறுமி... மேசைக்கு... அடியில்... இருக்கிறாள். அவள்... தன்... கா... லணிக்கு... வாசிக்கிறாள்."

வெளியே டீச்சரின் செருப்பு அசையாமல் நின்றது.

"காலணியில்... சிவப்பு... கம்... பளி... நூல்... இருக்கிறது."

நிறுத்தினாள். ஷூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், இது நான்."

"இல்லம்மா. இது ரொம்ப தூரத்துல நடந்தது. கடல் தாண்டி."

"அங்கயும் சிவப்பு நூலா?"

"ஆமா." உலகத்தில் தற்செயல் ஒற்றுமைகள் எத்தனையோ உண்டு.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அங்கயும் ஒரு சார் ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு திட்டினாரா?"

இந்தக் கேள்விக்கான விடை எந்த ஓடையிலும் வந்திருக்கவில்லை. நான் வெளியே வரப் பார்த்தேன். தலை மேசையில் இடித்தது.

"என்ன சார், வாசிச்சாளா?" என்றார் மேடம்.

"வாசிச்சா மேடம். நீங்களும் கேட்டிருப்பீங்களே."

"கேட்டேன், நல்லாவே கேட்டேன். ஆனா காதுல விழுந்ததை எல்லாம் எப்படி எடுத்துக்கறது? நீங்க எழுதிப் போடுங்க. ஓடையில வரட்டும். பாத்துட்டு ரெண்டாங் கிளாஸுக்கு உத்தரவு போடறேன்."

அன்றைக்கே எழுதிப் போட்டேன். ஆனால் கீழ்மேசைக் கல்வி உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. மேடத்தின் ஓடையில் அதைப் பற்றிய கட்டுரைகள் வெள்ளமாக வந்து குவிந்தன. என் பதிவு எங்கோ அடியில் மாட்டிக்கொண்டது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதும் உத்தரவு வரவில்லை. முதல் நாள் மைதானத்தில் வகுப்புவாரியாக வரிசை நிற்கிறது. பார்த்தால், இரண்டாம் வகுப்பு வரிசையில் முணுமுணு. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் டீச்சர். வேலிக்கு வெளியே அவள் அம்மா, கடைக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இவளுக்கு உத்தரவு வந்துடுச்சா?"

"குரல் வந்துடுச்சு சார். உத்தரவு வர்றப்ப வரட்டும்."

ஒழுங்கின் வீழ்ச்சி என்று மறுபடியும் எழுத நினைத்தேன். ஏனோ கை வரவில்லை. வீட்டுக்குப் போனால் 'குழாய்' பதிவின் பதினோராம் பாகம் காத்திருக்கிறது, தரையெல்லாம் ஈரம். அதை வாசித்துவிட்டுத்தான் மற்றது.

இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பு என் அறைக்கு மறுபக்கம். அங்கும் ப்ளைவுட் தடுப்புதான். பாட நேரத்தில் அவள் குரல் மற்ற குரல்களுக்கு நடுவே தனியாகக் கேட்கிறது. திட்டம் கீழே உட்காரச் சொன்னாலும், இப்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்துதான் வாசிக்கிறாள். எனக்குக் கேட்கிறது, மேடத்துக்கும் கேட்கிறது, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிறது. ஆனாலும் நாங்கள் அவசரப்படுவதாக இல்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்ற செய்தி எங்கள் பள்ளிக்கு முறைப்படி வந்துசேர இன்னும் கொஞ்ச நாளாகும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் அல்லவா?